71 வயது அப்பாவின் பழைய பாலிசியை விட்டுவிட்டுப் புதியது எடுக்கலாமா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வசிக்கும் உங்கள் பெற்றோரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 66. ஆறு ஆண்டுகளுக்கு முன் வங்கி மூலம் எடுத்த 3 லட்ச ரூபாய் மருத்துவக் காப்பீடு இருவருக்கும் சேர்த்து இருக்கிறது. அப்பாவுக்கு நெடுநாள் சர்க்கரை நோய். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கோவையில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தபோது பாலிசி கொடுத்தது போக ஒரு பெருந்தொகையைக் கையிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. இப்போது பிரீமியமும் கூடியிருக்கிறது. ஏஜென்ட் ஒருவர் 10 லட்சத்துக்குப் புதிய பாலிசி காட்டுகிறார். அப்பாவோ 70 வயதுக்கு மேல் அரசாங்கமே இலவசமாகத் தருகிறது, எதுவும் வேண்டாம் என்கிறார். புதுப்பிக்கும் தேதிக்கு இரண்டு மாதங்கள்தான் இருக்கின்றன. எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள்; ஆனால் நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தால், பழைய பாலிசியைக் கைவிடுவது ஆபத்தில்லாத காரியமா என்பதுதான் உண்மையில் கேட்கப்பட்டிருக்கும் கேள்வி என்று தோன்றுகிறது. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். கம்பெனியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. உங்கள் பாலிசித் தாளைப் பார்க்காமல் அப்படிச் சொல்பவர்களை நீங்களும் நம்ப வேண்டாம்.

நான் கோவையில் ஒரு மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுண்டரில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். வாளையாறு வழியாகவும் வேலந்தாவளம் வழியாகவும் வரும் நம் பக்கத்து நோயாளிகளின் கோப்புகளைப் பெரும்பாலும் நானே பார்த்தேன். இப்போது பாலக்காட்டுச் சித்தூரில் இருந்துகொண்டு, கேட்டு வரும் பெரியவர்களுக்குப் பாலிசித் தாள்களைப் படித்துச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்தது க்ளெய்ம் எங்கே நிற்கும், எங்கே குறையும் என்பது. எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது.

சந்தேகத்துக்கு இடமில்லாததை முதலில் எழுதிவிடுகிறேன். முதியவர் ஒருவரின் பாலிசியில் மிகவும் விலையுயர்ந்தது அதன் முகப்பில் அச்சிட்ட லட்சம் அன்று. இடைவெளி விடாமல் புதுப்பித்துவந்த ஆண்டுகள்தான். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் கொண்டுவந்த விதிகளின்படி, முன்பே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்களுக்குப் பணம் தராத தொடக்க மாதங்கள், அதிகபட்சம் 36 மாதங்கள். அதற்கு முன் 48 மாதங்களாக இருந்தது. அதேபோல், தொடர்ந்து 60 மாதங்கள் பிரீமியம் கட்டிய பாலிசியில், நோயை மறைத்தீர்கள் என்று சொல்லிக் கம்பெனி க்ளெய்மை மறுக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால் மட்டுமே மறுக்கலாம். முன்பு இதற்கு எட்டு ஆண்டுகள் ஆக வேண்டியிருந்தது. உங்கள் அப்பாவின் பாலிசி இவ்விரண்டு எல்லைகளையும் தாண்டிவிட்டது. சர்க்கரைக்கும் இதயத்துக்கும் இன்று அவருக்கு இருக்கும் பாதுகாப்பு, வெளியே போய் 71 வயதில் ஸ்டென்ட்டுடன் புதிதாக வாங்கக் கிடைக்காத ஒன்று. அதைப் பத்து லட்சம் என்ற எண்ணைப் பார்த்து விட்டுவிடக் கூடாது. புதிய பாலிசியில் முதல் 30 நாட்களுக்கு விபத்தைத் தவிர எதற்கும் பணம் கிடையாது. கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மூன்று ஆண்டுகள் வரை. அவருக்கு 74 வயது ஆகும்வரை, அவருக்கு வரக்கூடிய நோய்களுக்கு அந்தப் பத்து லட்சம் உதவாது.

ஏஜென்ட் இதைச் சொல்லியிருக்க மாட்டார், அல்லது 'போர்ட்டிங் செய்துகொள்ளலாம், காத்திருப்பு எதுவும் இல்லை' என்று சொல்லியிருப்பார். அது பாதி உண்மை. பாலிசியை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை இருக்கிறது. கழித்த காத்திருப்பு மாதங்களும் கூடவே வரும். ஆனால் பழைய காப்பீட்டுத் தொகை அளவுக்குத்தான் வரும். 3 லட்சத்திலிருந்து 10 லட்சத்துக்கு மாறினால், 3 லட்சத்துக்கும் அதனோடு சேர்ந்த போனஸுக்கும் பழைய ஆண்டுகள் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். கூடுதல் 7 லட்சத்துக்குக் காத்திருப்பு முதல் நாளிலிருந்து தொடங்கும். இதைவிட முக்கியமானது, புதிய கம்பெனி ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மருத்துவப் பரிசோதனை கேட்கலாம், பிரீமியத்தைக் கூட்டலாம், மறுக்கலாம். ஸ்டென்ட் வைத்த 71 வயதுக்காரரை எந்தக் கம்பெனி எந்த விலைக்கு ஏற்கும் என்பது விண்ணப்பித்தால் மட்டுமே தெரியும். வழக்கமாகப் புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாட்களுக்கு முன்பே விண்ணப்பம் போய்ச்சேர வேண்டும் என்பார்கள். ஆகவே முயன்று பார்ப்பதானால் இந்த வாரமே தொடங்குங்கள். முயல்வதில் தவறில்லை. எழுத்தில் 'ஏற்றோம்' என்று கையில் வரும்வரை பழையதைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுவதுதான் தவறு. கவுண்டரில் உட்கார்ந்து நான் பார்த்த மிகக் கசப்பான கோப்புகள் இந்த வகையைச் சேர்ந்தவை: பழையது காலாவதி, புதியது மறுப்பு, நோயாளி ஐ.சி.யூ.வில்.

இன்னொன்றைச் சரிபார்க்க வேண்டும். வங்கி மூலம் எடுத்தது என்கிறீர்கள். வங்கிகள் விற்பவற்றில் தனிநபர் பாலிசியும் உண்டு, வங்கியின் வாடிக்கையாளர்கள் எல்லோரையும் ஒரே கூரையின்கீழ் சேர்த்த குழுக் காப்பீடும் உண்டு. சான்றிதழின் முதல் பக்கத்தில் 'குரூப்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். குழுக் காப்பீடாக இருந்தால், வங்கிக்கும் கம்பெனிக்கும் உள்ள ஒப்பந்தம் முடிந்தால் திட்டமும் முடிந்துபோகலாம். அப்போது அதே கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாற்றித்தரக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வழக்கமாக முதலில் அந்த மாற்றம், அதன் பிறகுதான் வேறு கம்பெனி. பிரீமியத்திலும் ஒரு வேறுபாடு இருக்கிறது: 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மற்றும் குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டுவிட்டது, குழுக் காப்பீட்டுக்கு அந்த விலக்கு இல்லை. புதுப்பிப்பு அறிவிப்பில் வரி என்று ஒரு வரி இருந்தால் அதன் காரணத்தைக் கேளுங்கள்.

பிரீமியம் கூடியது பற்றி: 60 வயதுக்கு மேற்பட்டவர்களின் பிரீமியத்தை ஓராண்டில் 10 சதவீதத்துக்கு மேல் கூட்ட வேண்டுமானால் ஆணையத்தைக் கலந்தாலோசித்த பிறகே கூட்ட வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது. உங்களுக்குக் கூடியது எத்தனை சதவீதம் என்று நீங்கள் எழுதவில்லை. சென்ற ஆண்டு ரசீதையும் இந்த ஆண்டு அறிவிப்பையும் வரி நீக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்கிடுங்கள். 10 சதவீதத்தைத் தாண்டினால், வயதுப் படி மாறியதாலா, விலையையே கூட்டியதாலா என்று கம்பெனியிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் கிடைக்கும் விளக்கத்தைப் பின்னால் யாரிடமும் காட்ட முடியாது.

இப்போது, ஸ்டென்ட் வைத்தபோது ஏன் அவ்வளவு பணம் கையை விட்டுப் போனது என்பதற்கு வருகிறேன். 3 லட்சம் போதாததால் என்று நினைத்துத்தான் 10 லட்சம் பக்கம் உங்கள் மனம் போகிறது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் காரணம் வேறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பழைய பாலிசிகள் பலவற்றில் அறை வாடகைக்கு வரம்பு உண்டு. காப்பீட்டுத் தொகையில் நாளொன்றுக்கு 1 சதவீதம் என்பது பரவலான வரம்பு. 3 லட்சத்துக்கு அது 3,000 ரூபாய். அப்பாவை 6,000 ரூபாய் அறையில் நான்கு நாள் வைத்திருந்தீர்கள் என்று கொள்வோம். மொத்த பில் 2 லட்சம். அதில் அறை 24,000, மருத்துவர், அறுவை அரங்கு, செவிலியர் கட்டணங்கள் 96,000, மருந்து, ஸ்டென்ட், பரிசோதனைகள் 80,000. அறை வரம்பு மீறினால், கூடுதல் அறை வாடகையை மட்டும் கழித்துக்கொண்டு மீதியை முழுதாகத் தருவார்கள் என்றுதான் எல்லோரும் எண்ணுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. அறைக்கேற்ப மருத்துவமனை மற்றக் கட்டணங்களையும் உயர்த்துவதால், கம்பெனி அறையோடு தொடர்புடைய கட்டணங்களையும் அதே விகிதத்தில் குறைக்கும். பாதி அறைக்குத் தகுதி என்றால் அறைக்கு 12,000, மற்ற கட்டணங்களுக்கு 48,000. மருந்து, உடலில் பொருத்தும் கருவி, பரிசோதனை ஆகியவற்றில் இந்த விகிதக் குறைப்பைச் செய்யக் கூடாது என்பது விதி, அது 80,000. கூட்டினால் 1,40,000. முதியோர் பாலிசி என்பதால் 20 சதவீதம் நீங்கள் ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தால் 1,12,000தான் வரும். 88,000 கையிலிருந்து போகும். காப்பீட்டுத் தொகையில் பாதிகூடத் தீரவில்லை என்பதைக் கவனியுங்கள். இதே நிபந்தனைகளோடு கூடிய பத்து லட்சப் பாலிசியில் அறை வரம்பு உயருமே தவிர, அந்த 20 சதவீதம் அப்படியேதான் நிற்கும்; சில முதியோர் திட்டங்களில் அது 30, 50 என்றும் இருக்கிறது. ஸ்டென்ட் வைத்தபோது கம்பெனி அனுப்பிய தீர்வுக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கழிவுக்கும் காரணம் அதில் எழுதியிருக்கும். அந்தக் கடிதத்தைப் படித்தால், அடுத்த பாலிசியில் எதைத் தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும். அதைப் படிக்காமல் புதுப் பாலிசி தேடுபவர்கள்தான் அதிகம், என்ன செய்வது!

இந்தத் தாள்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஆங்கிலமும் கடினம், மலையாள எழுத்தும் பலருக்குப் பழக்கமில்லை. 2024 ஜனவரி முதல் ஒவ்வொரு பாலிசியோடும் சில பக்கங்களில் எளிய நடையில் 'வாடிக்கையாளர் தகவல் தாள்' தர வேண்டும். கேட்டால் உள்ளூர் மொழியிலும் தர வேண்டும். கேரள முகவரி என்பதால் மலையாளத்தில் அனுப்பிவிடுவார்கள். தமிழில் வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். ஏஜென்ட் தரும் வண்ணத் துண்டுப் பிரசுரத்தைத் தள்ளி வைத்துவிட்டு, இந்தத் தாளை மட்டும் வைத்துப் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அறை வரம்பு, இணைச் செலவுச் சதவீதம் (மேலே சொன்ன 20 சதவீதம் போல நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு), கண்புரை போன்றவற்றுக்குத் தனி உச்சவரம்பு, காத்திருப்பு மாதங்கள், நீங்கள் உண்மையில் போகும் மருத்துவமனை பட்டியலில் இருக்கிறதா என்பது: இவற்றைப் பார்த்த பிறகு லட்சத்தைப் பாருங்கள்.

அரசு அட்டை பற்றி அப்பா சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் 70 வயது நிறைந்த எல்லோருக்கும், வருமானம் பாராமல், ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை சிகிச்சை என்று 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்து, அக்டோபர் 29 அன்று தொடங்கினார்கள். முன்பே இருக்கும் நோய்களுக்கும் முதல் நாளிலிருந்தே பொருந்தும். தனியார் பாலிசி வைத்திருப்பது தடையில்லை. இவ்வளவும் உறுதி. ஆனால் இது அப்பாவுக்கு மட்டும். 66 வயது அம்மாவுக்கு இந்த வாசல் இன்னும் நான்கு ஆண்டுகளுக்குத் திறக்காது. அப்பா 'எதுவும் வேண்டாம்' என்று சொல்லும்போது அம்மாவையும் சேர்த்தே பாதுகாப்பிலிருந்து எடுத்துவிடுகிறார் என்பதை மெதுவாக அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். வயதைக் கணக்கிடுவது ஆதாரில் உள்ள பிறந்த தேதியை வைத்து. நம் ஊர்ப் பெரியவர்கள் பலருக்கு ஆதாரில் ஜனவரி 1 என்றுதான் இருக்கிறது, ஆண்டும் தோராயம்தான்; அப்பாவின் ஆதாரில் 70 நிறைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உறுதியில்லாத பகுதி, அட்டையைக் கொண்டுபோய் நீட்டும்போது என்ன நடக்கும் என்பது. இந்த 70 வயதுத் திட்டத்தை எல்லா மாநிலங்களும் ஒரே வேகத்தில் நடைமுறைப்படுத்தவில்லை. அட்டை அச்சாகிக் கையில் வந்துவிட்டது என்பதும் மருத்துவமனைக்கு அனுமதி எண் கிடைக்கிறது என்பதும் வேறு வேறு. அரசு இணையச் சேவைகள் தரும் அட்சயா மையத்தில் அட்டை எடுத்துத் தருவார்கள். அங்கே கிடைக்கும் உறுதிமொழி போதாது. பாலக்காட்டில் நீங்கள் போகக்கூடிய மருத்துவமனையில் கேரள அரசின் மருத்துவக் காப்பீட்டைப் பார்க்கும் காருண்யா கவுண்டருக்கு நோயில்லாத ஒரு நாளில் போய், '70 வயது அட்டையில் இப்போது இங்கே அட்மிஷன் போடுகிறீர்களா' என்று நேராகக் கேளுங்கள். கேரள சுகாதாரத் துறையின் திஷா உதவி எண் 1056, ஆயுஷ்மான் உதவி எண் 14555.

காருண்யா ஆரோக்கிய சுரக்‌ஷா திட்டம் அதற்கும் முந்தியது, 2019இல் தொடங்கியது, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம், வயது வரம்போ தலை எண்ணிக்கை வரம்போ கிடையாது. அதாவது அம்மாவுக்கும் பொருந்தும். ஆனால் அதில் இருப்பவை பெரும்பாலும் 2018-19இல் பழைய அரசுக் காப்பீட்டு அட்டை வைத்திருந்த குடும்பங்களும் 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்புப் பட்டியலில் உள்ள குடும்பங்களும்தாம். வீட்டில் பழைய ஸ்மார்ட் கார்டு ஏதாவது பெட்டிக்குள் கிடக்கிறதா என்று தேடிப்பாருங்கள். ரேஷன் கார்டோடு கவுண்டரில் காட்டினால் பெயர் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். எல்லை தாண்டிக் கோவைக்குப் போகும்போது இந்த அட்டை என்னாகும்? ஆயுஷ்மான் திட்டத்தோடு இணைந்த எந்த மாநில மருத்துவமனையிலும் பயன்படுத்தலாம் என்பது விதி. நடைமுறையில், வேற்று மாநில அட்டைக்கு அனுமதி வரத் தாமதமாவதும், 'முதலில் பணம் கட்டுங்கள்' என்று சொல்லப்படுவதும் நான் கண்டவை. அவசரத்தில் வாதாட நேரமிருக்காது. கோவையில் தம்பி வீடு இருக்கிறதே, தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டில் அப்பா அம்மாவைச் சேர்க்கலாமா என்று ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். அது தமிழ்நாட்டு ரேஷன் கார்டையும், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்றையும் வைத்து நடப்பது. கேரள ரேஷன் கார்டில் இருப்பவர்களை அங்கே சேர்க்கப் பார்ப்பது முறையும் ஆகாது. இங்குள்ள கார்டிலிருந்து பெயரை நீக்கினால் இங்குள்ளதும் போய்விடும்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியை நான் விட்டுவிட விரும்பவில்லை: அப்பா கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்திருந்தால், ஐந்து ஆண்டுகளாவது காப்பீட்டில் இருந்து ஓய்வு வயதில் வெளியேறியவர் என்ற முறையில், ஆண்டுக்கு வெறும் 120 ரூபாய் கட்டி அவரும் அம்மாவும் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதியைப் பெறலாம். கோவை மில்களில் இருந்து ஓய்வு பெற்ற நம் பக்கத்து ஆட்கள் எத்தனையோ பேர் இதைத் தெரியாமலே இருக்கிறார்கள். பழைய இ.எஸ்.ஐ. எண்ணையும் வேலை செய்த சான்றையும் எடுத்துக்கொண்டு கிளை அலுவலகத்தில் கேளுங்கள். மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரைச் செலவை வழக்கமான மருத்துவக் காப்பீடு தருவதில்லை, இ.எஸ்.ஐ. மருந்தகம் தரும். குடும்ப சுகாதார மையத்திலும் அந்த மாத்திரைகள் கிடைக்கும். அன்றாடச் செலவுக்கு அந்த வழி, படுத்தால் ஆகும் செலவுக்குப் பாலிசி என்று பிரித்துக்கொண்டால் பாலிசியிடம் எதிர்பார்ப்பதும் தெளிவாகிவிடும்.

அம்மாவைப் பற்றிக் குறைவாகவே எழுதியிருக்கிறீர்கள்: முழங்கால் வலி, ரத்த அழுத்தம். என் பார்வையில் புதிதாக ஏதாவது வாங்குவதானால் அவருக்காக வாங்குவதில்தான் பொருள் இருக்கிறது. 65 வயதோடு நிறுத்திக்கொள்ளாமல் எல்லா வயதினருக்கும் ஏற்ற பாலிசிகளைக் கம்பெனிகள் வைத்திருக்க வேண்டும் என்பது 2024இல் வந்த விதி. இப்போதுள்ள 3 லட்சத்தை இருவருக்கும் பொதுவாக வைத்துக்கொண்டு, அதற்கு மேல் ஆகும் செலவைத் தரும் சூப்பர் டாப்-அப் ஒன்றை அம்மாவின் பெயரில் கேட்டுப் பார்க்கலாம். ஆண்டில் ஆகும் மொத்தச் செலவு ஒரு குறிப்பிட்ட தொகையைத் தாண்டிய பிறகே அது தொடங்கும் என்பதால், முழுப் பாலிசியைவிடப் பிரீமியம் குறைவாக இருக்கும். அதிலும் மூட்டு மாற்றுக்குக் காத்திருப்பு உண்டு. அடுத்த ஆண்டே அறுவை செய்ய எண்ணினால் அது உதவாது. அப்பாவுக்கும் சேர்த்துக் கேட்கலாம், ஸ்டென்ட்டைக் காரணம் காட்டி மறுத்தால் இழப்பு எதுவுமில்லை, பழையது இருக்கிறதே.

விண்ணப்பப் படிவத்தைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். பெரியவர்கள் நோயைச் சொல்ல மாட்டார்கள். அப்பாக்கள் சிகரெட்டை மறைப்பார்கள்; அம்மாக்கள் தைராய்டையும் கர்ப்பப்பை அறுவையையும் 'அதெல்லாம் எப்போதோ' என்று விட்டுவிடுவார்கள். ஏஜென்ட்டோ வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் போட்டுவிடுவார். புதிய பாலிசியில் ஐந்து ஆண்டுகள் முடியும்வரை அந்த 'இல்லை'யை வைத்தே க்ளெய்மை மறுக்கலாம். ஆகவே ஒரு மாலை நேரம் இருவரோடும் உட்கார்ந்து, மாத்திரைப் பட்டைகளை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றும் எதற்கு, எந்த ஆண்டிலிருந்து என்று கேட்டு எழுதுங்கள். அம்மாவிடம் தனியாகவும் ஒருமுறை கேளுங்கள். படிவத்தை நீங்களே நிரப்பி, நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனியிலிருந்து சரிபார்க்கத் தொலைபேசி வரும்போது, என்ன கேட்டாலும் 'ஆமாம் சார்' என்று சொல்லிவிடாமல் இருக்க, அப்பா அருகில் நீங்கள் இருங்கள். பாலிசி வந்த பிறகும் 30 நாட்களுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பிவிடலாம். அந்த நாட்களை வீணாக்காமல் தாளைப் படியுங்கள்.

அதே மாலையில், படுக்க நேர்ந்தால் எங்கே போக விருப்பம் என்றும் கேட்டுவிடுங்கள். பிள்ளைகள் கோவை என்று முடிவு செய்திருப்பார்கள்; பெரியவர்கள் மனத்தில் தெரிந்த மருத்துவர் இருக்கும் பாலக்காட்டு மருத்துவமனை இருக்கும். பணம் அவர்களுடையது, உடம்பும் அவர்களுடையது. எதைப் பட்டியலில் தேட வேண்டும் என்பதை அவர்கள் பதில்தான் தீர்மானிக்கும். ஆயுர்வேதம் பற்றியும் நம் பக்கத்தில் பேசித்தான் ஆக வேண்டும். ஆயுஷ் மருத்துவமனையில் உள்நோயாளியாகப் பெறும் சிகிச்சையைக் காப்பீடு ஏற்கிறது. மூட்டு வலிக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்துப் படுத்துப் பெறும் சிகிச்சைக்குக் கேட்கலாம். கர்க்கடக மாதத்தில் புத்துணர்ச்சிக்காகச் செய்துகொள்ளும் சுகசிகிச்சைக்குக் கேட்டால் வராது. சேரும் முன்பே அந்த மருத்துவமனையின் பதிவு நிலையைக் கம்பெனியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன செய்வீர்கள் என்று என்னைக் கேட்டால்: பழைய 3 லட்சப் பாலிசியைத் தேதி தவறாமல் புதுப்பிப்பேன்; போர்ட்டிங் விண்ணப்பத்தை இப்போதே போட்டு, எழுத்தில் ஏற்றால் மட்டும் மாறுவேன்; அப்பாவுக்கு 70 வயது அட்டையை எடுத்து வைத்துக்கொள்வேன், அதையே நம்பி இருக்க மாட்டேன்; இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கு ஒரு நடை போவேன். அம்மாவுக்குக் கூடுதல் பாதுகாப்பு தேடுவேன். பிரீமியம் உங்கள் வருமானத்துக்கு எவ்வளவு பாரம் என்பது எனக்குத் தெரியாததால், கடைசிச் செயலை நீங்கள்தான் எடைபோட வேண்டும். வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தவராக இருந்தால், பெற்றோருக்காகக் கட்டும் பிரீமியத்தில் 50,000 ரூபாய் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். புதிய முறையில் இல்லை.

ஸ்டென்ட் க்ளெய்மில் கழித்தது நியாயமில்லை என்று தீர்வுக் கடிதத்தைப் படித்த பிறகு தோன்றினால், முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணமும் வழக்கறிஞரும் தேவையில்லை. கேரள முகவரிக்குக் கொச்சி அலுவலகம், சென்னை அன்று; கோவையில் நடந்த சிகிச்சை என்பதால் பலர் சென்னைக்கு எழுதி நாட்களை இழக்கிறார்கள். கம்பெனி இறுதியாக மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போக வேண்டும். ஸ்டென்ட் வைத்த சமயத்தில் நீங்கள் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதியிருந்தீர்களா, எந்தத் தேதியில் பதில் வந்தது என்பதை அப்பாவின் கோப்பில் தேடிப்பாருங்கள். இன்னும் வழி இருக்கிறதா என்பது அந்தத் தேதியைப் பொறுத்தது.